எண்ணெய்த் தாங்கிக்குப் பூட்டுப் போட்ட வருடம்

போன மாதம் நம் பள்ளிக்கூட வான் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. எங்கோ ஒரு வேலியோரம், சில்லுகள் இல்லாமல், மரக்கட்டைகளின் மேல் நிற்கும் ஒரு பழைய டீசல் வான். அனுப்பியவன் நம்முடைய முன்சீற்றுக்காரன். இப்போது கனடாவில் இருக்கிறான். படத்துக்குக் கீழே, "மண்ணெண்ணெய்ச் சித்தப்பாவின்ரை வான் மாதிரிக் கிடக்கு. ஆராவது இறங்கித் தள்ளுங்கோடா" என்று எழுதியிருந்தான். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டேன். கை தானாகப் போட்டது.

பிறகுதான் யோசித்தேன். அந்த வானில் ஏறிப் பள்ளிக்கூடம் போன நம் எல்லார் மனதிலும் அந்தப் பெயர் அப்படியே நின்றுவிட்டது. என் சித்தப்பா டீசலை எடுத்து விற்றுவிட்டுத் தாங்கியில் மண்ணெண்ணெயைக் கலந்தார், அதனால் வான் வழியில் நின்றது, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை அன்றும் நின்றது. உங்களுக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். மிச்சம் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது. அதை நீங்கள் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இதை எழுதும்போது எனக்குக் கோபமோ அழுகையோ வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்தேன்.

வானை உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளை என்று பதிவில் இருந்தாலும் புத்தூர் மண் பட்டுப்பட்டு ஒரு செம்மஞ்சள் நிறத்துக்கு வந்திருந்தது. விடியக்காலை அப்பா அதில் வெங்காயப் பிடிகளை அடுக்கிச் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோவார். திரும்பி வந்ததும் அம்மா உள்ளே கூட்டுவார். இரண்டு வாங்குகளைத் தூக்கிப் போட்டால் அது பள்ளிக்கூட வான். எவ்வளவு கூட்டினாலும் வெங்காயச் சருகு மிஞ்சும். நம் தலைமயிரில் அது ஒட்டியிருக்கும். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் "வெங்காயங்கள் வந்திட்டுதுகள்" என்பார்கள்.

இயந்திரம் முன்னிருக்கைக்குக் கீழே. வெயில் ஏறினால் இருக்கை சுடும். அந்தச் சுடுகிற இருக்கையை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காததால்தான் முன்சீற்றுக்காரனுக்கு அந்தப் பெயர். அவன் காற்சட்டைக்குக் கீழே கொப்பியை வைத்துக்கொண்டு இருப்பான். ரேடியோவுக்குக் கீழே கசெற் போடும் வாயில் யாரோ ஒரு பிஸ்கற்றைத் தள்ளிவிட்டார்கள். கடைசிவரை அது வெளியே வரவில்லை. திறப்பைத் திருப்பினால் சுருள் மாதிரி ஒரு சின்ன விளக்கு செம்மஞ்சளாக எரியும். ஹீற்றர் சூடாகிறது என்று அர்த்தம். அது நூர்ந்து அணையும் வரைக்கும் நாம் ஒருவரும் மூச்சு விடமாட்டோம். நூர்ந்ததும் "ஸ்ராட் அடியுங்கோ!" என்று ஒரே குரலில் கத்துவோம்.

இனி அப்பாவின் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அவர் டீசலைத் துணியில் வடிக்காமல் ஊற்றமாட்டார். சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது வாகனம் வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் வந்த பழக்கம் அது. அப்போது எண்ணெய் போத்தலில் விற்கப்பட்டது. பல கை மாறி வரும் எண்ணெயின் அடியில் தண்ணீரும் துருவும் கிடக்கும். பிறகு தடை போனது, பாதை திறந்தது, பெற்றோல் செட்டில் குழாயை விட்டு நேரே அடித்துக்கொண்டு வரலாம் என்று ஆனது. அப்பா மட்டும் மஞ்சள் கானில் வாங்கிவந்து, வீட்டில் வைத்து வடித்துத்தான் ஊற்றுவார். அம்மா சிரித்தால், "செட்டுக்காரன் தாங்கி கழுவினதை நீ கண்டனியே?" என்பார்.

வடிக்கிற துணி, பச்சைக்கோடு போட்ட அவருடைய பழைய சாரத்தில் கிழித்தது. கிணற்றடிக் கமுகில் அடித்த ஆணியில் தொங்கும். அதைத் தாங்கி வாயில் விரித்து, நடுவில் விரலால் ஒரு குழி செய்து, ஓரத்தைப் பெருவிரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஊற்றுவார். பக்கத்தில் நீலக் கான் இருக்கும். அதில் மண்ணெண்ணெய், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மிசினுக்கு. ஒரு சொட்டுச் சிந்தினாலும் விரலால் வழித்து எடுக்கிற மனிதர் அவர்.

சண்டை முடிந்தபோது ஆமி பிடித்துக்கொண்டு போன சித்தப்பாவை விடுகிறார்கள் என்ற செய்தி வந்தபோது அப்பா இப்படித்தான் ஊற்றிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்று தாங்கி மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் இருந்து ஓடி வந்தார்.

"இஞ்சேருங்கோ! தம்பியை விடுறாங்களாம்! தம்பியை விடுறாங்களாம்!"

அப்பா கையிலிருந்த கானை அப்படியே விட்டார். அது சரிந்து விழுந்தது. டீசல் முற்றத்து மண்ணில் ஓடியது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்து, "ஓம், ஓம், தமையன்தான் கதைக்கிறன், ஓம்" என்று சொல்லிக்கொண்டே படலைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். நான் கானை நிமிர்த்தி வைத்தேன், தாங்கிக்கு மூடியைப் போட்டேன். டீசல் ஓடிய இடத்தில் மண் கறுப்பாகிக் கனகாலம் புல் முளைக்கவில்லை.

அடுத்த முறை எண்ணெய் ஊற்றப் போனபோது துணி ஆணியில் இல்லை. "உந்த நாய்தான் இழுத்துக்கொண்டு போட்டுது" என்று அப்பா தேங்காய்ப் பொச்சுமட்டையை எடுத்து அதற்கு எறிந்தார். நாய் சில நாள் நொண்டியது. அம்மா அதே சாரத்தில் இன்னொரு துண்டு கிழித்துக் கொடுத்தார்.

சித்தப்பா ஒரு பையோடு வந்து இறங்கினார். மெலிந்திருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். கதிரையை எப்போதும் படலையைப் பார்த்தபடி போட்டுக்கொண்டு இருப்பார். வேலை கேட்டுப் போன இடங்களில் ஒருவரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. அப்பா ஒருநாள் வான் திறப்பை எடுத்து அவர் மடியில் போட்டார்.

"நீ ஓடு. எனக்குத் தோட்டம் பார்க்கவே நேரம் காணாமல் கிடக்கு."

அப்படித்தான் அவர் நம்முடைய வான்காரர் ஆனார். அவருக்கு நித்திரை வராது. நிலம் வெளிக்க முன்னரே எழும்பிப்போய் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்துதான் வானை எடுப்பார். "நீங்கள் படுங்கோ அண்ணை, நான் இறைக்கிறன்" என்று அவர் சொல்வது எனக்குப் பாயிலேயே கேட்கும். அதனால் அவர் கையில் எந்நேரமும் மண்ணெண்ணெய் மணக்கும். அந்த மணம் நமக்கெல்லாம் தெரியும். வானில் ஏற்றிவிட அவர் கை கொடுத்தால் நம் கையிலும் ஒட்டும்.

அவர் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நாளில் வான் குழப்படி செய்தது. வீட்டில் ஒரே அடியில் ஸ்ராட் எடுக்கும். கொஞ்சத் தூரம் போகும். பிறகு இயந்திரம் விக்கும். மிதித்தாலும் வேகம் வராது. வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டு, உதறி உதறி நின்றுவிடும். எவ்வளவு அடித்தாலும் பிடிக்காது. நாம் எல்லாரும் இறங்கித் தள்ளுவோம். கந்தோர்காரரின் மகள், அவளுடைய அப்பாவுக்கு அரசாங்க அலுவலகத்தில் வேலை, அவள் மட்டும் தள்ளாமல் புத்தகப் பைகளைக் காவல் காப்பாள். கொஞ்சம் தள்ளி, இளைத்து, தண்ணீர் குடித்து, மறுபடி தள்ளினால் வான் உறுமிக்கொண்டு கிளம்பும். நம் பலத்தால்தான் கிளம்பியது என்று நாம் நினைத்தோம். முன்சீற்றுக்காரன் தன் புயத்தை மடக்கிக் காட்டுவான்.

மெக்கானிக் வந்தார். இயந்திரத்தின் மூடியைத் திறந்தால் கதையும் திறக்கிற மனிதர்.

"உந்த வான் பேரப்பிள்ளை கண்ட வான். இருமத்தான் செய்யும்" என்றார். முதலில் ஹீற்றர் பிழை என்றார். மாற்றினார்கள். வான் நின்றது. பிறகு குழாயில் எங்கோ எயார் இழுக்குது என்றார். குழாய்களை மாற்றி இறுக்கினார்கள். வான் நின்றது. நொசிலைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பார்த்து வந்து, நொசில் நல்ல சாமான் என்றார். வான் நின்றது.

வழியில் நிற்கும்போது சித்தப்பா பில்ரருக்கு மேலிருக்கும் கைப்பம்பை என்னை அமத்தச் சொல்வார். குமிழ் மாதிரி இருக்கும். அமத்திவிட்டால் தானாக மேலே எழும்பவேண்டும். அது எழும்பாது. அமத்திய இடத்திலேயே அமர்ந்து கிடக்கும். சித்தப்பா அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். "அங்காலை இருந்து ஒண்டும் வருகுதில்லை" என்று ஒருநாள் எனக்குச் சொன்னாரோ, தனக்குச் சொன்னாரோ. அப்பாவிடம் சொன்னதாகத் தெரியவில்லை. அவர் யாரிடமும் எதையும் தானாகச் சொல்கிற நிலையில் இல்லை.

நாலாம் முறை வந்த மெக்கானிக் பில்ரரைக் கழற்றினார். மூக்கில் வைத்தார். அப்பாவின் மூக்குக்கும் நீட்டினார்.

"என்ன மணக்குது?"

அப்பா முகத்தைப் பின்னுக்கு இழுத்தார்.

"மண்ணெண்ணெய் மணக்குதே. வானை ஆர் ஓடுறது?"

"தம்பி."

"எண்ணெய் ஆர் ஊத்துறது?"

"நானும் ஊத்துவன். அவனும் ஊத்துவான்."

"நான் ஒண்டும் சொல்லேல்லை" என்று மெக்கானிக் கையைத் துடைத்தார். "வான் சொல்லுது."

அதற்கு முந்தின நாள் பின்னேரம் சித்தப்பா அந்தப் பில்ரர்க் கிண்ணத்தை மண்ணெண்ணெயில்தான் கழுவினார். எல்லாரும் இரும்புச் சாமானை அதில்தான் கழுவுவார்கள். மெக்கானிக்கும் அதில்தான் கழுவுவார். நானே தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தேன். அது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

சித்தப்பா கிணற்றடியில் நின்றார். அப்பா திரும்பிப் பார்த்தார்.

"நான் கலக்கேல்லை அண்ணை" என்றார் சித்தப்பா.

அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. சத்தியம் செய்யவில்லை, கத்தவில்லை. கேள்வி கேட்கிறவர்களுக்கு நடுவில் கனகாலம் இருந்துவிட்டு வந்தவர். ஒரே பதிலை இரண்டு தரம் சொன்னால் அதைப் பொய் என்று எடுப்பார்கள் என்று அவருக்குப் பழகியிருக்கும். எங்கள் வீட்டில் அது நேரெதிர். எங்கள் ஆட்கள் உண்மையைப் பத்துத் தரம், மாரில் அடித்துச் சொல்லவேண்டும். ஒருதரம் சொல்லிவிட்டுச் சும்மா நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் கிழமைதான் பூட்டு வந்தது. அப்பா இரும்பு ஒட்டுகிற கடைக்கு வானைக் கொண்டுபோய்த் தாங்கி வாயில் ஒரு கொண்டியை ஒட்டுவித்து, படலைக்குப் போடுகிற அளவு பெரிய பூட்டாகப் பார்த்துப் போட்டார். திறப்பு அவருடைய இடுப்புக் கயிற்றில். சித்தப்பா ஓடுகிற வானில், சித்தப்பாவால் திறக்கமுடியாத பூட்டு. ஓடும்போது தகரத்தில் டக்கு டக்கென்று அடிக்கும். "வானுக்கு அறுணாக்கயிறு கட்டியிருக்கு!" என்று முன்சீற்றுக்காரன் சொல்ல, நாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சித்தப்பா கண்ணாடியில் நம்மைப் பார்த்தார். அவரும் கொஞ்சம் சிரித்த மாதிரித்தான் இருந்தது.

பூட்டுப் போட்ட பிறகு அப்பா மட்டும்தான் எண்ணெய் ஊற்றினார். புதுத் துண்டால் வடித்து, மெல்ல மெல்ல. வான் அப்போதும் நின்றது. இதற்குப் பிறகாவது ஒருவருக்கு விளங்கியிருக்கவேண்டும். அப்பாவுக்கு வேறு மாதிரி விளங்கியது. "பழைய கலப்பு அடியிலை கிடக்கு. அது தீரும் மட்டும் உப்பிடித்தான்" என்றார்.

பரீட்சை நாள் வந்தது. அப்பா மூன்றாம் வகுப்போடு இடம்பெயர்ந்து, பிறகு பள்ளிக்கூடம் போகாதவர். சித்தப்பாவும் இடையில் விட்டவர். எங்கள் வீட்டில் ஒரு பரீட்சை மண்டபத்துக்குப் போகிற முதல் ஆள் நான்தான். அம்மா கோயிலுக்குப் போய் வந்து என் நெற்றியில் திருநீறு பூசினார். கந்தோர்காரரின் மகள் வேதக்காரப் பிள்ளை, மாதா கோயிலுக்குப் போகிறவள், அவளுக்குப் பூசவில்லை, தலையில் கை வைத்தார். அப்பா சித்தப்பாவிடம், "இண்டைக்கு மட்டும் நிக்கக்கூடாது" என்றார். சித்தப்பா தலையாட்டினார்.

புன்னாலைக்கட்டுவன் தாண்ட முன்னம் வான் விக்கியது. உங்களுக்கு இந்த இடம் நன்றாக நினைவிருக்கும். இரண்டு பக்கமும் புகையிலைத் தோட்டம். ஒரு சனமும் இல்லை. நாம் வழக்கம்போல இறங்க எழும்பினோம்.

"ஒருத்தரும் இறங்கக்கூடாது. வெள்ளைச் சட்டை ஊத்தையாகும். இருங்கோ" என்றார் சித்தப்பா.

அவர் தனியாகத் தள்ளினார். நாம் எல்லாரும் உள்ளே இருக்க, ஒரு கையால் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கதவுச் சட்டத்தில் தோளைக் கொடுத்து. வான் அசைந்தது, ஆனால் பிடிக்கவில்லை. கைப்பம்பை அமத்தினார். அது எழும்பவில்லை. கந்தோர்காரரின் மகள் அழத் தொடங்கினாள். "மண்ணெண்ணெய் போட்டால் எப்படி ஓடும்?" என்று முன்சீற்றுக்காரன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். அவனுக்கும் பயம்தான்.

அப்போதுதான் ஆமி ட்ரக் வந்தது. சித்தப்பா அவர்களுடைய வாகனம் வந்தால் நிலத்தைப் பார்க்கிற மனிதர். அன்று இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நடுறோட்டுக்குப் போனார். ட்ரக் நின்றது. அவர் சிங்களத்தில் கதைத்தார். அவருக்குச் சிங்களம் தெரியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. எங்கே படித்தார் என்று யோசிக்கிற வயது இல்லை. கதைத்து முடியும்வரை கையை இறக்கவில்லை.

ஒவ்வொருவராகத் தூக்கி ஏற்றிவிட்டார். கந்தோர்காரரின் மகளின் பரீட்சை அட்டை கீழே விழ, ஒரு சிப்பாய் எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். ட்ரக்குக்குள் சவர்க்கார மணம். நான் பின்னால் பார்த்தேன். சித்தப்பா வானுக்குப் பக்கத்தில் நின்றார், சின்னதாகிக்கொண்டு போனார். வாசற்கதவு பூட்ட முன்னம் நாம் மண்டபத்துக்குள் போய்விட்டோம். அது உங்களுக்கும் தெரியும்.

அன்று பின்னேரம் உங்களுடைய வீட்டு ஆட்கள் எங்கள் முற்றத்துக்கு வந்தார்கள். கந்தோர்காரர்தான் முன்னுக்கு நின்று கதைத்தார்.

"பிள்ளையளை ஆமி ட்ரக்கிலை ஏத்தி விட்டிருக்கிறான். ஆரைக் கேட்டு ஏத்தினவன்?"

"நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திட்டுதுகள்தானே ஐயா?" என்றார் அம்மா.

"சேர்ந்தது வேறை கதை, பிள்ளை. நிண்டது ஏன்? அதை முதல் சொல்லுங்கோ. எண்ணெயிலை கை வைச்சவன் நாளைக்கு என்னத்திலை கை வைப்பான்?"

சித்தப்பா வான் கதவடியில் நின்றார். எல்லாரும் அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். இன்னொரு தரம் சொன்னால் அப்பா நம்பியிருப்பார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. சித்தப்பா சொல்லவில்லை.

அப்பா கையை நீட்டினார். "தம்பி, திறப்பைத் தா."

சித்தப்பா திறப்பை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். "ஹீற்றர் வெளிச்சம் நூந்த பிறகு அடியுங்கோ அண்ணை. நீங்கள் அவசரப்படுவியள்" என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் போய்விட்டார். வந்தபோது கொண்டுவந்த அதே பைதான். அம்மா புட்டைப் பொதியாகக் கட்டிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டார். அப்பா தோட்டத்தில் நின்றார். அன்று காலையும் தண்ணீர் இறைத்து முடிந்திருந்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மாரி தொடங்கியது. வானை அப்பாவே ஓடினார். சித்தப்பா போனபிறகும் வான் நின்றது. வெங்காயத்தோடு மழைக்குள் நின்றது, கோயிலடியில் நின்றது, கடைசியில் எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே நின்றது. மெக்கானிக், தாங்கிக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும், கழற்றிக் கழுவவேண்டும் என்றார். தாங்கியை இறக்க முதல் பூட்டைத் திறக்கவேண்டியிருந்தது. துருப்பிடித்திருந்தது. அப்பா தேங்காயெண்ணெய் விட்டுத் திறந்தார்.

டீசலை ஒரு பெரிய சட்டியில் வடித்தார்கள். மெக்கானிக் தாங்கியைக் குலுக்கினார். உள்ளே ஏதோ மெத்தென்று புரண்டது. சைக்கிள் கம்பியை வளைத்து வாய்க்குள் விட்டுத் துழாவினார். கறுப்பாக ஒரு சாமான் வந்தது. நான் செத்த எலி என்று நினைத்தேன். அவர் அதைச் சவர்க்காரம் போட்டுக் கசக்கி விரித்தார். பச்சைக்கோடு தெரிந்தது.

"அட, இதுதானே கள்ளன்!" என்று மெக்கானிக் சந்தோஷமாகச் சொன்னார். "முதல் கொஞ்ச நாள் ஒரு மூலையிலை ஒதுங்கிக் கிடந்திருக்கும். பிறகு ஓடேக்கை இழுபட்டுப் போய்க் குழாய் வாயிலை ஒட்டிக்கொள்ளுது. எண்ணெய் வராது. நிப்பாட்டினால் கழண்டு மிதக்குது. அதுதான் கொஞ்ச நேரத்தாலை ஸ்ராட் எடுத்திருக்கு. நானெண்டால் மண்ணெண்ணெய் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன்." பிறகு அம்மாவைப் பார்த்து, "தங்கச்சி, ஒரு பிளேன்ரீ போடுங்கோவன்" என்றார்.

அம்மா பிளேன்ரீ போடப் போகவில்லை. துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது முதல் துண்டு. நாய் கொண்டு போட்டுது எண்டு நீங்கள் பொச்சுமட்டை எறிஞ்சது இதுக்குத்தான்."

அம்மா துணியை அப்பாவின் பக்கம் நீட்டினார்.

"தம்பியை விடுறாங்கள் எண்டு நான் ஓடி வரேக்கை உங்கடை கையிலை இருந்தது."

அப்பா எழும்பிப்போய்க் கிணற்றடியில் கை கழுவினார். டீசல் போகும்வரை கழுவினார். போனபிறகும் கழுவிக்கொண்டு நின்றார். நாய் அவருக்குப் பக்கத்தில் போய் நின்று சட்டித் தண்ணீரைக் குடித்தது.

அம்மா அந்தத் துணியைத் தோய்த்துக் கமுகில் இருந்த ஆணியில் போட்டார். அடுத்தநாள் அப்பா அதை எடுத்துத்தான் எண்ணெய் வடித்தார். ஏன் அதை எடுத்தார் என்று தெரியவில்லை. புதுத் துண்டும் பக்கத்தில்தான் தொங்கியது. பூட்டைக் கோழிக்கூட்டுக்குப் போட்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறது. வான் பிறகு ஒருநாளும் வழியில் நிற்கவில்லை. சில வருடம் ஓடிப் பழைய இரும்புக்குப் போனது.

பரீட்சை முடிவு வந்தபோது நான் சித்தியடைந்திருந்தேன். அம்மா சித்தப்பாவுக்குப் போன் எடுத்தார். அவர் கிளிநொச்சிப் பக்கம் மண் ஏற்றும் ரிப்பர் ஓடிக்கொண்டிருந்தார். என்னைக் கதைக்க விட்டார்கள். "கெட்டிக்காரன். நல்லாய்ப் படி" என்றார். போன் அப்பாவின் கைக்குப் போனது. "ஓம். பாஸ். ஓம். நீ சுகமோ?" என்றார் அப்பா. துணியைப் பற்றிச் சொல்லவில்லை. பிறகு சொல்லுவார் என்று நினைத்தேன். சித்தப்பாவின் கலியாணத்துக்குப் போய்த் தகப்பன் இடத்தில் நின்று தாலியை எடுத்துக் கொடுத்தவர் அப்பாதான். அப்போது சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். இவ்வளவு காலமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன்சீற்றுக்காரன் போட்ட படத்தைப் பார்த்த பிறகு, இதை எழுத முதல் ஒருக்கால் கேட்கவேண்டும் என்று சித்தப்பாவுக்குப் போன் எடுத்தேன். பின்னேரம். அப்பா என் பக்கத்தில் கதிரையில் இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். நான் குழுவில் வந்த படத்தைச் சொல்லி, துணி எடுத்த கதையைத் தெரிந்த கதை மாதிரிச் சொல்லிக்கொண்டு போனேன். முடித்துவிட்டு, லைன் அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"சித்தப்பா?"

"அப்ப, துணியே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. "ஓம்" என்றேன்.

"அண்ணைக்குத் தெரியுமே?"

"தெரியும்."

"எப்ப தொட்டு?"

"நீங்கள் போன அந்த மாரிக்கே."

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். திரும்பவில்லை. படம் மட்டும் ஓடியது.

"என்ரை கலியாணத்துக்கு வரேக்கையும் தெரியும், என்ன?" என்றார் சித்தப்பா.

"ஓம்."

ரிப்பர் ஒன்று அவரைக் கடந்து போகிற சத்தம் கேட்டது.

"எழுது, பரவாயில்லை. அதுகள் அப்ப சின்னப் பிள்ளையள்தானே" என்றார். பிறகு, "அங்கை மழையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அண்ணை சாப்பிட்டிட்டாரே?" என்றார்.

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு அப்பாவிடம் கேட்டேன். "சித்தப்பா கேக்கிறார், சாப்பிட்டிட்டீங்களோ எண்டு."

அப்பா தொலைக்காட்சியைப் பார்த்தபடியே இருந்தார்.

"ஓம் எண்டு சொல்லு" என்றார்.

அவருடைய இடியப்பம் மேசையில் மூடியபடியே இருந்தது. நான் ஓம் என்று சொன்னேன்.